சிங்காரத்துக்கு ஒரு கணப்பு

புதுச் சாமான் சூடானால் வாடை வரத்தான் செய்யும், வரட்டும், வந்து தீர்ந்து தொலையட்டும் என்று சுலோச்சனா முக்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பின்வராந்தாவின் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தாகிவிட்டது. டிசம்பர் மாதத்துக் குன்னூரில் வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தலையில் குரங்குக் குல்லா, ஸ்வெட்டருக்கு மேல் கணவரின் பழைய கோட்டு, காலில் கம்பளி சாக்ஸ். எதிரே துணி காயப்போடும் இரும்புக் கம்பியிலிருந்து சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது புது ஹீட்டர். அலுமினியக் குடை, குடைக்குள்ளே பீங்கான் ஹோல்டர், ஹோல்டரில் திருகி மாட்டிய வெள்ளைப் பீங்கான் குமிழ். வெளிச்சம் துளியும் தராது, சூடு மட்டும் தரும். கீழே, எதுவும் தவறி விழுந்தாலும் பற்றிக்கொள்ளாதபடி கடப்பைக்கல். சுவிட்சைப் போட்டாயிற்று. பல்பு என்றால் எரிகிறதா இல்லையா என்று கண்ணே சொல்லிவிடும், இது மௌனச் சாமியார், வாயைத் திறக்காது. எரிகிறதா? உள்ளங்கையைத் தள்ளியே காட்டிப் பார்த்தாள். எரிகிறது. நல்லது. உள்ளே படுக்கையறையில், காலணி வாங்கிய அட்டைப்பெட்டியில், துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையின் மேல் சிங்காரம் படுத்திருக்கிறான். பெயரைக் கேட்டுவிட்டு மாடியில் யாரோ வாடகைக்கு இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி வெகுநாள் நினைத்திருந்தாள். சிங்காரம் ஓணான் இனம். நம்மூர் வேலி ஓணான் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வகை, கழுத்தடியில் தாடி மாதிரி முள் வரிசை, முழங்கை நீளம், பதிவு கிதிவு எல்லாம் முறையாக முடிந்தவன். மகள் ஆதிரை வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் வாங்கி வளர்த்தது. அவள் புனேவுக்குப் போனாள், அங்கே வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, சிங்காரம் அம்மாவிடம் தங்கிவிட்டான். போன வாரம் அவன் கண்ணாடிப் பெட்டியிலிருந்த பழைய குண்டு பல்பு உயிரை விட்டது. அன்றிலிருந்து சாப்பாடு இல்லை. உடம்பில் சூடு இல்லாவிட்டால் அவனுக்குத் தின்றது செரிக்காது, செரிக்காது என்று அவனுக்கே தெரியும், அதனால் தின்னமாட்டான். மாலைக்குள் அவனைக் கோயம்புத்தூர் ரஃபீக் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஏற்பாடு செய்தவர் அவள் கணவர் ஞானவேல்.

அது என்ன, இரவல் வாங்கிய பாத்திரமா, வந்து எடுத்துக்கொண்டு போக. ரஃபீக்கைக் குறை சொல்ல முடியாது, தங்கமான பையன், இந்த மாதிரிப் பிராணிகளை முறையாக வளர்த்து விற்கிறவன், ஊட்டிக்கு ஒரு வேலையாக வந்தவன் திரும்புகிற வழியில் வருகிறான். "இந்தக் குளிருல வெச்சுக்கிட்டுச் சாகடிக்கிறதுக்கு, தெரிஞ்சவன் கையில குடுத்துட்டா அதுக்கும் நல்லது, உனக்கும் நல்லது" என்று முந்தாநாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஞானவேல் சொன்னார், சட்டினியைப் பார்த்துக்கொண்டே. அவளை நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சட்டினியோடு எப்படிச் சண்டை போடுவது. நேற்றுச் சாயங்காலம்தான் இந்த ஹீட்டர் பார்சல் வந்தது, அதையும் அவர்தான் பிரித்தார், காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் குமிழை ஹோல்டரில் திருகி, குடையை மாட்டி, "மாட்டி வெச்சுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூட்டுறவுப் பண்டகசாலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். நேராகப் பெட்டிக்குள் மாட்டியிருந்தால் இந்நேரம் சிங்காரம் சூட்டில் கிடப்பானே என்று ஒரு மனம் சொன்னது. கூடாது. புது ஹீட்டர் முதல் தடவை சூடாகும்போது அதன் மேலே ஒட்டியிருக்கிற தொழிற்சாலைத் தூசி, பூச்சு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் எரியும், புகை வரும். நாலு பக்கமும் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் புகையை அவன் மூச்சாக இழுக்க வேண்டியிருக்கும். கட்டை விரல் அளவு நுரையீரல். ஏற்கெனவே குளிரில் வாடியவன். ஆக, வெளியே, காற்றோட்டத்தில், வெறுமனே எரியவிட்டு, வாடை அடங்கின பிறகுதான் உள்ளே. இது அவளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்துகிற பிரிவில் இத்தனை வருடம் நின்றவள். புது டிரையர் வந்த வருடம் ஃபிட்டர் மாதையன் இலையே போடாமல் அதைப் பகல் முழுக்க ஓடவிட்டார், மூட்டை மூட்டையாக இலை வாடிக்கொண்டு கிடக்கிறது, எல்லாரும் முணுமுணுக்கிறார்கள், அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார். அன்று அதிலிருந்து வந்த வாடை இப்போது வருகிற இதே வாடைதான். சூடான இரும்பு, கொஞ்சம் பெயின்ட், கொஞ்சம் பழைய செய்தித்தாள். வருகிறது. மூக்கைச் சுருக்கினாள். நன்றாகவே வருகிறது. வா, வா, வந்துவிட்டுப் போ.

மூக்கைப் பொறுத்தவரை சுலோச்சனாவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை மறைப்பதும் இல்லை. டிரையர் வாயில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, இது ஒரு மூச்சு கூடிப்போச்சு, இது இன்னும் வேகலை என்று சொல்லுவாள், சொன்னது தப்பினதில்லை. அதனால்தான், அந்த முதல் வாடை மெல்ல மெல்ல மெலிந்து, சரி, அடங்குகிறது என்று அவள் காலை நீட்டி உட்கார்ந்த சமயத்தில், அதன் அடியிலிருந்து வேறொன்று தலை தூக்கியபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன இது. இனிப்பாக ஒரு கருகல். வெல்லமா. வெல்லம் எங்கிருந்து வரும். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தோமா, எழுந்து போய்ப் பார்த்தாள், அடுப்பு அணைந்திருந்தது, குழம்பு மூடியிருந்தது. திரும்பி வந்தால் அதே இனிப்புக் கருகல், இப்போது மூக்கின் உள்பக்கம் ஒட்டிக்கொள்கிற மாதிரி. பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் கருகினால் தொண்டையில் பிடிக்கும், இது தொண்டையில் பிடிக்கவில்லை. ஒயரா? ஒயர் என்றால் மீன் வாடை அடிக்கும், ஒரு தடவை மிக்ஸி கருகியபோது மீன் வாங்கி வந்தது யார் என்று வீடெல்லாம் தேடினாளே. இதில் மீன் இல்லை. மரமா, மரம் எங்கே இருக்கிறது, குடை அலுமினியம், ஹோல்டர் பீங்கான், கம்பி இரும்பு. குடைக்கு மேலே காற்றோட்டத்துக்காக விட்ட ஓட்டைகளிலிருந்து நூல் மாதிரி புகை ஏறிக்கொண்டிருந்தது. இந்நேரம் புகை நின்றிருக்க வேண்டும். போலியாக இருக்குமோ. பீங்கான் என்று சொல்லி வேறெதையோ குழைத்து வெள்ளையடித்து அனுப்பிவிட்டார்களோ. இருக்கும். ஆதிரைதான் தேடிப் பிடித்து அனுப்பினாள், நல்ல சாமான், அம்மா, எல்லாரும் வாங்குறது என்றாள். எல்லாரும் வாங்குறது. எல்லாரும் என்றால் யார். சுவிட்சை அணைத்தாள். அணைத்தவுடன் தொடக்கூடாது, ஒளி இல்லாத சூடு ஏமாற்றும், ஆறின மாதிரியே இருக்கும், தொட்டால் தோல் அதோடு போகும். ஆறட்டும்.

ஆறுகிற வரைக்கும் சும்மா இருக்க முடியவில்லை, படுக்கையறைக்குப் போனாள். சிங்காரம் கறுத்துக்கிடந்தான். நல்ல வெயில் கண்டால் கோதுமை அல்வா நிறத்துக்கு வருகிற உடம்பு, குளிருக்கு அடுப்புக்கரியாகியிருந்தது. ஒரு கண் மட்டும் திறந்து அவளைப் பார்த்து, பார்த்ததே பெரிய வேலை என்பதுபோல மூடிக்கொண்டது. அடிவயிற்றில் விரலை வைத்துப் பார்த்தாள், ஜில். வெந்நீர்ப் பையும் ஆறிப்போயிருந்தது. புது வெந்நீர் ஊற்றி, துண்டை மாற்றி, மேலே தன் கம்பளிச் சால்வையின் ஒரு முனையைப் போட்டாள். இவனை ஏன் விட முடியவில்லை. ஓணானுக்கு இவ்வளவா என்று பண்டகசாலை ஆட்கள் சிரிக்கிறார்களாம், அவர்தான் வந்து சொன்னார். சிரிக்கட்டும். ஆதிரை போன முதல் மாதம் இந்த வீட்டில் யார் பேசினார்கள். அவர் செய்தி பார்ப்பார், இவள் துணி மடிப்பாள், மழை பெய்யும். தொழிற்சாலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தலை திரும்பும். அவ்வளவுதான். அந்த ஒரு திரும்பலுக்காகப் பஸ் நிறுத்தத்திலிருந்து வேகமாக நடந்து வந்த நாள்கள் உண்டு. அதை யாரிடம் சொல்லுவது, சொன்னால் பாவம் என்பார்கள், அவளுக்குப் பாவம் வேண்டாம், சிங்காரம்தான் வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும். இந்த வயதில் ஒன்று வேண்டும் என்று தோன்றுவதே அபூர்வமாகிவிட்டது, சேலை வேண்டாம், சினிமா வேண்டாம், ஊர்ப் பயணம் வேண்டாம், கேட்கிறவர்களுக்கெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் அதற்கே பழகிவிட்டது. இதற்கு மட்டும் வாய் ஒத்துழைக்கவில்லை.

திரும்ப வந்து, ஹோல்டருக்குள் போகிற ஒயரை முகர்ந்தாள், ஒன்றுமில்லை. குடையை வெளியே தடவினாள், ஒன்றுமில்லை. கீழேயிருந்து குனிந்து குமிழைப் பார்த்தாள், பளிச்சென்று பால் வெள்ளை, ஒரு கீறல் இல்லை. மறுபடி சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருந்தது. பிறகு வந்தது, அதே இனிப்பு, அதே கருகல், கொஞ்சம் கூடுதலாகவே. எங்கேயோ, எப்போதோ முகர்ந்த வாடை. தெரிந்த வாடை. தெரிந்தவர் முகம், பெயர் வரமாட்டேன் என்கிறது. தொழிற்சாலையில் அல்ல. வீட்டில். வீட்டில் எங்கே. அவள் ஞாபகம் சமையலறையைச் சுற்றியது, குளியலறைக்குப் போனது, அப்பா இறந்த வீட்டுக் கூடத்துக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றது, ஏன் அங்கே போகிறது என்று புரியாமல் திரும்பி வந்தது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரஃபீக் ஊட்டியிலிருந்து புறப்பட்டிருப்பானா. ஃபோன் அடித்தது, ஞானவேல்.

"என்ன, ஆச்சா?" என்றார்.

"ஆகலைங்க. வாடை நிக்கவே மாட்டேங்குது. முதல்ல வந்தது போயிடுச்சு, இப்ப வேற ஒண்ணு வருது."

"வேற ஒண்ணுன்னா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா? கருகற வாடை. சாமானே மோசமோ என்னமோ."

அந்தப் பக்கம் யாரோ சர்க்கரை எடை கேட்கிற சத்தம். "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். நீ பாட்டுக்குப் பெட்டிக்குள்ள வெச்சுப் பாரேன்."

"வெச்சுப் பாத்து, அவன் மூச்சு முட்டிப் படுத்துட்டான்னா?"

"சரி விடு சுலோ. முடியலைன்னா விட்டுடு. ரஃபீக் வேலையை முடிச்சிட்டுக் கிளம்பறானாம். மத்தியானம் நானும் வந்துடறேன்" என்றார். குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது, ஜெயித்தவர் குரல் மாதிரி இல்லை, அதை அவள் அப்போது கவனிக்கவில்லை. ஃபோனை முக்காலியில் வைத்துவிட்டு நின்றாள்.

விட்டுடு. ஒரு சொல்லில் எவ்வளவு சுலபம். விட்டுவிடலாம்தான், ரஃபீக் வீட்டில் பெரிய பெரிய பெட்டிகள், சமவெளி வெயில், சிங்காரம் அங்கே நன்றாகவே இருப்பான், இவளைத் தேடுவானா, தேடமாட்டான், ஓணான் யாரைத் தேடும். அதை ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட பிறகும் ஹீட்டரின் பக்கமே திரும்பினாள். இல்லாவிட்டால் இப்படியே கொண்டு போய் மாட்டிவிடலாம், ஜன்னலைத் திறந்து வைத்து, பெட்டியின் மேல் வலையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அரை மணி மட்டும், கால் மணி மட்டும், அவனும் உயிர் பிழைக்க வேண்டாமா, குளிர் மட்டும் கொல்லாதா, புகை கொல்லுமா குளிர் கொல்லுமா, எது முதலில். கை சங்கிலியின் கொக்கி வரைக்கும் போய்விட்டது. கொக்கியைத் தொட்ட இடத்தில் நின்றது. அவன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நிற்கிற தன்னைப் பார்த்தாள், நானே மாட்டினேன், நானே அவசரப்பட்டேன் என்று அப்புறம் எத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிவது. கையை எடுத்துவிட்டாள். சுவிட்சை அணைத்தாள். ரஃபீக் வந்தால் வரட்டும், வாசலில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கலாம், காப்பி தீர்ந்தால் இன்னொரு காப்பி. தெரியாத வாடையோடு ஒரு ஹீட்டர் அவன் பெட்டிக்குள் போகாது. முடிவாகிவிட்டது. முக்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆறட்டும், முழுசாக ஆறட்டும், அதற்கப்புறம் கழற்றி மூலை முடுக்கு எல்லாம் பார்க்கிறேன், நீயா நானா என்று ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறியது. பிளக்கைப் பிடுங்கி, சங்கிலியிலிருந்து இறக்கி, கடப்பைக்கல்லின் மேல் வைத்து, துணியைச் சுற்றிப் பிடித்துக் குமிழைத் திருகிக் கழற்றினாள். காலையில் அவர் மாட்டிய பிறகு அதை யாரும் கழற்றவே இல்லை. கீழிருந்து பார்த்தால் தெரிகிற முகம் பால் வெள்ளை. திருப்பினாள். குடைக்குள் ஒளிந்திருந்த மேல்பக்கம், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, கறுப்பாக ஒரு பொருக்கு, காலணா அகலம், நடுவில் கறுப்புக்குள்ளேயே கொஞ்சம் அரக்குச் சிவப்பு. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தாள். சந்தனம். அட என் அப்பனே, சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், வெள்ளையில் வெள்ளையாக, பக்கத்தில் மூன்று விரல் திருநீற்றுக் கீற்று. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஏற்கெனவே எரிந்து முடித்தது, சந்தனமும் குங்குமமும்தான் காலையிலிருந்து பாவம் எரிந்துகொண்டிருந்தன. இந்த வீட்டில் புதிதாக எது நுழைந்தாலும் இதுதான். ஸ்கூட்டருக்கு, கிரைண்டருக்கு, கேஸ் அடுப்புக்கு, பிரிட்ஜின் நெற்றியில். ஆதிரையின் முதல் மடிக்கணினிக்குக் கேமரா மேலேயே வைத்துவிட்டார், அவள் ஒரு வாரம் அலுவலகக் கூட்டத்தில் செம்மஞ்சள் மூட்டத்துக்குள்ளேயிருந்து பேசினாள். இருபத்தாறு வருடமாக வைக்கிறவர். ஆனால் பொட்டு வைக்கிறது எதற்கு. நல்லபடியாக வேலை செய்ய வேண்டும், நீண்டநாள் வீட்டில் இருக்க வேண்டும் என்று. போகப்போகிற சாமானுக்கு யார் பொட்டு வைப்பார்கள். சிங்காரம் போய்விட்டால் இந்த ஹீட்டர் எதற்கு. ஆக இந்த மனிதர், சட்டினியைப் பார்த்துக்கொண்டு குடுத்துடலாம் என்ற இந்த மனிதர், விடிகாலையில் எழுந்து, கல்லில் சந்தனம் உரைத்து, யாருக்கும் தெரியாமல் ஓர் ஓணானுடைய ஹீட்டருக்குப் பூசை போட்டிருக்கிறார். அது செத்துவிடும் என்று பயந்துதான் குடுக்கச் சொல்லியிருக்கிறார். தன் கண்ணெதிரே செத்துவிடக்கூடாது என்று. இதை வாயால் சொல்ல என்ன கேடு. சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தாள், ஜன்னல் திறந்திருந்ததால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், அவளையும் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது, அதைப் புகை என்று சொல்ல முடியாது, புகை எப்போதோ நின்றிருந்தது.

அப்புறம் எல்லாம் கடகடவென்று நடந்தது, அவசரமாக அல்ல, வரிசையாக. ஈரத்துணியால் பொருக்கைத் துடைத்தாள், நகத்தால் கிள்ளினாள், திருநீற்றை மட்டும் விடலாமா என்று ஒரு கணம் யோசித்து அதையும் துடைத்தாள், சாமி கோவித்துக்கொள்ளாது, கோவித்துக்கொண்டால் அவரிடம் கோவித்துக்கொள்ளட்டும். உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத்தோடு சூடேறினால் பீங்கான் வெடிக்கும் என்று வெயில் விழுகிற ஜன்னலில் வைத்து, நன்றாக உலரவிட்டு, திரும்ப மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். மூக்கு தயாராக நின்றது. சூடான இரும்பு, கொஞ்சம். அப்புறம் அதுவும் இல்லை. நின்று நின்று முகர்ந்தாள், வெறும் சூடு, வாடையே இல்லாத சுத்தமான சூடு, முகத்தில் வந்து மோதியது. போதாது. இன்னும் எரியட்டும். குழம்பைச் சூடு பண்ணி, அரிசி வைத்து, வந்து முகர்ந்தாள், ஒன்றுமில்லை. அதற்கப்புறம்தான் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டு போனாள். வெயில் காய்கிற கல்லுக்கு மேலே, அவன் எட்டித் தொட முடியாத உயரத்தில், கம்பி வலைக் கூண்டு போட்டுப் பொருத்தினாள். சூட்டை அளந்து கரண்டை வெட்டுகிற தெர்மோஸ்டாட்டை மாட்டி, அதன் ஒயர் நுனியிலிருந்த பருப்பளவு மணியைக் கல்லின் மேலேயே ஒட்டினாள், இது அதனுடைய மூக்கு, என் மூக்குக்குத் துணை. முப்பத்தெட்டில் வைத்தாள். பெட்டி இன்னும் காலி. இருபது என்றது, இருபத்தைந்து என்றது, முப்பது. ஏறட்டும். முப்பத்தைந்தைத் தாண்டியதும் அவளுக்கே சந்தேகம் வந்தது, முப்பத்தெட்டில் வெட்டவில்லை என்றால்? ஏறிக்கொண்டே போனால்? கல் தோசைக்கல்லாகும், அவன் அதன் மேல் படுத்துக் கிடப்பான், இந்த ஜாதிக்கு வயிற்றுச் சூடு சட்டென்று உறைக்காதாம், வெந்துகொண்டே படுத்திருக்குமாம். முப்பத்தேழு. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தெட்டு. சிவப்பு விளக்கு அணைந்தது. சின்னதாக ஒரு டக். அவள் கேட்ட சத்தங்களிலேயே இவ்வளவு இனிமையான டக் வேறு இல்லை. இறங்கியது, மறுபடி டக், விளக்கு எரிந்தது, ஏறியது, மறுபடி வெட்டியது. ஒரு தடவை நம்பமாட்டாள் சுலோச்சனா, இன்னும் சில டக்குகள் கேட்டாள். கல்லைத் தன் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடு. பெட்டியின் எதிர் மூலையைத் தொட்டாள், குளிர்ச்சி. அவனுக்கு எப்போது எது வேண்டுமோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம். மதிய வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவருக்கு வந்திருந்தது.

சிங்காரத்தைச் சால்வையோடு தூக்கிக்கொண்டு வந்து கல்லின் மேல் விட்டாள். விட்ட இடத்தில் விட்டபடி கிடந்தான். கிட, உன் நேரம். அவள் நகரவில்லை. முதலில் வயிறு தட்டையாகப் பரந்தது, மாவை அப்பினது போல. பிறகு முதுகின் கறுப்பில் ஓரமாக ஒரு பழுப்பு, பழுப்பு பரவி மஞ்சள், மஞ்சள் ஏறி ஏறிக் கழுத்துவரை வந்தபோது இரண்டு கண்ணும் திறந்தன. தலையைத் தூக்கினான். சூடு போதுமென்றால் இந்த வகை வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ளும், இது மூச்சு முட்டுகிற திறப்பு இல்லை, சும்மா அனுபவிக்கிற திறப்பு, பக்கத்தில் காது வைத்து அவன் மூச்சைக் கேட்டாள், சத்தமே இல்லாமல் சீராகப் போய் வந்தது. வந்துட்டியா, என்றாள். குனிந்து உட்கார்ந்து, சீவின பரங்கித் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்தாள், இப்போதே வேண்டாம், மெதுவாக, என்று அவனுக்குச் சொல்வதுபோலத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது.

ரஃபீக் ஒரு மூடி போட்ட பிரம்புக்கூடையோடு வந்தான், பின்னால் ஞானவேல், செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "அக்கா, ரெடியா? இருட்டறதுக்குள்ள கீழ இறங்கணும்" என்றவன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தரையில் வைத்தான். குனிந்து கல்லைப் பார்த்தான், தெர்மோஸ்டாட்டைப் பார்த்தான், அந்த மூலையில் கைவிட்டுப் பார்த்தான். "வெளிய வெச்சு எரிய விட்டீங்களா?"

"காலையில இருந்து. வாடை போனப்புறம்தான் உள்ள வெச்சேன். அதுலயும் ஒரு கூத்து நடந்துச்சு."

"நேரா உள்ள மாட்டிட்டு, மூக்குல தண்ணி வருது, மூச்சு வாங்குதுன்னு எனக்கு ஃபோன் போடறவங்கதான்க்கா ஜாஸ்தி." அவன் நிமிர்ந்தான். "என் வீட்டுலகூட இவ்வளவு பொறுமையா யாரும் பண்றதில்ல."

சிங்காரம் அந்த நேரம் பார்த்துக் கல்லிலிருந்து இறங்கினான். நாலு எட்டு வைத்தான். தட்டிலிருந்த பரங்கித் துண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்து, நாக்கை ஒட்டி இழுத்து, மென்று, விழுங்கினான். இன்னொன்றைத் தேடினான். மூன்று பேரும் நின்று ஓர் ஓணான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானவேல் மட்டும் கொஞ்சம் குனிந்து, அலுமினியக் குடையின் உள்பக்கத்தை எட்டிப் பார்க்க முயன்றார்.

"அங்க இல்லைங்க. துடைச்சுட்டேன்" என்றாள் சுலோச்சனா. "அதுதான் காலையில இருந்து புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

அவர் காது சிவந்துவிட்டது. "நான் என்ன கண்டேன்" என்றார், சுவரைப் பார்த்து. "ஒரு பழக்கம்."

"வைங்க. வைக்க வேணாம்னு சொல்லலை. பெட்டிக் கண்ணாடியில வைங்க."

ரஃபீக்குக்கு ஒன்றும் புரியவில்லை, இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சுலோச்சனா குல்லாவைக் கழற்றினாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குக் குளிரவில்லை, ஜெயித்துவிட்டோம் என்று தெளிவாகத் தெரிந்தது, குளிரை, பார்சலை, தன் அவசரத்தை, சட்டினியைப் பார்த்துப் பேசுகிறவரை, எல்லாரையும் ஒரே பகலில் ஜெயித்தாயிற்று. "சாதம் ஆயிடுச்சு, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க தம்பி" என்றாள். "கூடையை மட்டும் எடுத்துட்டுப் போங்க."

ரஃபீக் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான். ஞானவேல் சாப்பிட உட்காரவில்லை. அந்தக் காலிக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு, கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய், கார் டிக்கியில் வைத்து, டிக்கியை இரண்டு தரம் அழுத்திச் சாத்திவிட்டு வந்தார்.